பொதிகைச் சீமை வரலாறு – 19: விளக்கேற்றிய பிறகு நடந்த வகுப்புகள்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்கள் 14 பேர். அவர்கள் பெயர்களை விடத் தொழில்களைப் படித்தால் இந்தச் சீமையின் இன்னொரு வரலாறு கண்ணில் படும். விவசாயி, பானை வியாபாரி, காய்கறிக் கடைக்காரர், சமையல்காரர், குமாஸ்தா, பள்ளி ஆசிரியர். கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அதில் அரிது. பகல் முழுக்க உழைத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தென்காசியிலும் செங்கோட்டையிலும் புனலூரிலும் ஒன்றுகூடி, அன்னிய ஆட்சி ஏன் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்று பேசிக்கொண்டவர்கள் இவர்கள். ரகசியக் கூட்டம், காளி படம், குங்கும நீர், சத்தியம் ஆகியவை பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தக் கூட்டங்களில் நடந்த பேச்சும் ஒரு படிப்புதான் என்பதை யாரும் அழுத்திச் சொன்னதில்லை.

அந்தப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு முதல் குற்றவாளியின் வாழ்க்கையே சாட்சி. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. வெளியே வந்தவர் சென்னையில் சிங்காரவேலரோடு பழகினார். 1922இல் பொதுவுடைமைப் பிரசுரம் தொடர்பாக மறுபடி கைதாகி, இந்த முறை 10 ஆண்டு தண்டனை பெற்றார். சத்தியப் பிரமாணத்தில் தொடங்கிய ஒருவர் பத்தே ஆண்டுகளில் பொருளாதாரக் கேள்விக்கு வந்து சேர்ந்திருக்கிறார். யார் ஆள்வது என்ற கேள்வியோடு, உழைப்பவனின் விளைச்சல் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இதே காலத்தில் தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே, கடையத்தில் ஒரு மனிதர் குடியிருந்தார். புதுச்சேரியை விட்டு வந்து, கடலூரில் கைதாகி, விடுதலையான பாரதி 1918 இறுதியிலிருந்து 1920 வரை வாழ்ந்தது செல்லம்மாளின் இந்தச் சொந்த ஊரில்தான். ருஷ்யாவில் ஜார் விழுந்ததை வரவேற்று எழுதியவர் அவர். சொத்தைப் பொதுவாக்கும் லட்சியத்தை ஏற்றுக்கொண்டு, லெனின் அதற்குத் தேர்ந்த வன்முறை வழியை மறுத்துக் கட்டுரையும் எழுதினார். ஏற்பதும் மறுப்பதும் ஒரே கட்டுரையில் நடந்தன. பின்னால் வந்த பல வகுப்பறைகளுக்கு இந்தத் தைரியம் வாய்க்கவில்லை என்பதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

அச்சில் வந்த முதல் பெரிய பாடநூல் 1931 அக்டோபரில் கிடைத்தது. மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையைப் பெரியாரின் ‘குடி அரசு’ தொடராக வெளியிட்டது. சாதியையும் சடங்கையும் பற்றிப் பேசவந்த வாரப் பத்திரிகையில் முதலாளி, தொழிலாளி, உற்பத்திச் சாதனம் என்ற சொற்கள் வந்து விழுந்தன. அதே ஏட்டில் சிங்காரவேலர் விஞ்ஞானம், பொருள்முதல்வாதம், கடவுள் மறுப்பு என்று வாரா வாரம் எழுதினார். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்க, நடுவே விவாதம் கிளம்ப, முடிதிருத்தும் கடைகளும் தேநீர்க் கடைகளும் தமிழ்நாடெங்கும் வாசிப்பு மன்றங்களாயின. பலகையும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆனால் முதியோர் கல்வி என்று பிற்காலத்தில் அரசாங்கம் திட்டம் போட்டுச் செய்ய முயன்ற காரியத்தை அவை சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தன.

குற்றாலத்தில் நடந்த கூடுகை வேறு விதமானது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் நடத்திய ‘வட்டத்தொட்டி’யும், பின்னாளில் அவர் குடியேறிய குற்றாலத்து வீடும் கம்பனுக்கு உரியவை. ஒரு பாட்டை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி, கேட்பவர் மனதில் அது இறங்கும் வரை விடமாட்டார் டி.கே.சி. ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அரசியல் பொருளாதாரத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு ஒரு மனிதர் வழியாக வருகிறது. இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் டி.கே.சி.யின் அன்பர். அதே கி.ரா. கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றவர், கம்யூனிஸ்டுகள் மீது போடப்பட்ட நெல்லைச் சதி வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டுப் பிறகு விடுவிக்கப்பட்டவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் பின்னாளில் புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக உட்கார்ந்தார் என்றால், அவரை வளர்த்த கல்லூரிகள் இந்த இரண்டு கூடுகைகள்தாம்: ஒன்று பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது, மற்றொன்று பசியின் காரணத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது.

1948க்குப் பிறகு வகுப்பறை சிறைக்குள் போயிற்று. கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது. நாங்குநேரி வட்டாரத்தில் மடங்களின் நிலத்தை உழுத குத்தகை விவசாயிகளைத் திரட்டிய ஆர். நல்லகண்ணு 1949 இறுதியில் பிடிபட்டார். காவலர்கள் அவருடைய மீசையைச் சிகரெட் நெருப்பால் பொசுக்கிய கொடுமை ஊரறிந்தது. நெல்லைச் சதி வழக்கில் அவருக்கும் பாலதண்டாயுதம் உள்ளிட்ட தோழர்களுக்கும் ஆயுள் தண்டனை. சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டனர். அத்தகைய காலத்திலும் அரசியல் கைதிகள் படிப்பை விடவில்லை. அந்தமான் செல்லுலார் சிறையில் 1935இலேயே கைதிகள் பொதுவுடைமைக் குழு அமைத்து, வகுப்பு வைத்துத் தத்துவமும் பொருளாதாரமும் படித்த முன்மாதிரி இருந்தது. இளைஞராக உள்ளே போனவர்கள் பலர் ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள்.

இந்த மாலைநேரப் படிப்பு இங்கே மட்டும் முளைத்தது அல்ல. அதன் ஆதி ஆசிரியர் மார்க்ஸேதான். ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ என்று நாம் படிக்கும் சிறுநூல், 1847 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகர ஜெர்மன் தொழிலாளர் சங்கத்தில் அவர் நடத்திய பாடம். 1850 வாக்கில் லண்டனில் அகதியாக வறுமையில் உழன்றபோதும் கிரேட் விண்ட்மில் தெருவில் தொழிலாளர் கல்விச் சங்கத்தில் அரசியல் பொருளாதாரம் கற்பித்தார். மாணவராக உட்கார்ந்திருந்த வில்ஹெல்ம் லீப்னெக்ட் அந்த முறையைப் பதிவு செய்திருக்கிறார். முதலில் ஒரு கருத்தை மிகச் சுருக்கமாகச் சொல்வார். பிறகு அதை விரிப்பார். தொழிலாளிக்கு விளங்காத சொல்லைத் தவிர்ப்பார். கேள்வி கேட்கச் சொல்வார். யாரும் கேட்காவிட்டால் அவரே கேள்வி கேட்டு, எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிப்பார். சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதுவார். ‘மூலதனம்’ முதல் பாகம் வருவதற்கு 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் அடிப்படைக் கருத்துகள் அதற்கு வெகுமுன்பே தையல்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் முன்னால் சோதிக்கப்பட்டுவிட்டன.

தமிழ்த் தோழர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த ‘மார்க்சிய மெய்ஞ்ஞானம்’ நூலுக்கும் இப்படியொரு பிறப்பு உண்டு. அதன் ஆசிரியர் ஜார்ஜ் பொலிட்சர் பாரிஸ் தொழிலாளர் பல்கலைக்கழகத்தில் 1935-36இல் நடத்திய வகுப்புகளின் குறிப்புதான் அந்தப் புத்தகம். எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் ஒருவர். பொலிட்சரை நாஜிகள் 1942 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். நூல் போர் முடிந்த பிறகே அச்சேறியது. ஒரு மாணவர் பொறுமையாக நோட்டில் எழுதி வைத்ததால் மட்டுமே அந்த வகுப்பு தமிழ் வாசகன் வரைக்கும் வந்தது.

இனி பாளையங்கோட்டைக்கு வருவோம். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டம். 2019 நவம்பர் 22 அன்றுதான் அது தனி மாவட்டமாயிற்று. ஆக மாவட்டத் தலைநகரில் எரிந்த விளக்கு மேற்கே மலையடிவாரம் வரை வெளிச்சம் கொடுத்தது. அந்த விளக்கின் பெயர் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தவர். ஜில்லா போர்டு பள்ளியில் ஆசிரியராக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பகலில் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த இந்த மனிதர், மற்ற நேரத்தில் மாவட்டம் முழுமைக்கும் தத்துவ ஆசிரியராக இருந்தார்.

1967இல் அவர் அமைத்த நெல்லை ஆய்வுக்குழு எந்தப் பல்கலைக்கழகத்தையும் சார்ந்ததல்ல. கல்லூரி ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள், கட்சி ஊழியர்கள், எழுத்தாளர்கள் கூடுவார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார், மற்றவர்கள் அதைப் பிரித்து அலசுவார்கள். ஆதாரம் போதாது என்றால் திருப்பி எழுதச் சொல்வார்கள். தேறியது 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ காலாண்டிதழில் அச்சாகும். ஆ. சிவசுப்பிரமணியன், தோதாத்ரி போன்ற ஆய்வாளர்கள் உருவான பட்டறை இது. பட்டம் கொடுக்காத இந்தக் குழு உருவாக்கிய அறிஞர்களின் எண்ணிக்கைக்கு, பட்டம் கொடுத்த பல துறைகள் ஈடாகமாட்டா.

வானமாமலை செய்த பெரிய காரியம் பாடத்தின் திசையைத் திருப்பியது. மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த அரசியல் பொருளாதார நூல்களில் இங்கிலாந்து நெசவாலை இருந்தது, ருஷ்யப் பண்ணை இருந்தது. வாரமும் குத்தகையும் சாதியும் அவற்றில் இல்லை. அவர் அந்த நூல்களை மதித்துப் படித்தார், படிக்கச் சொன்னார். ஆனால் சான்றுகளை வில்லுப்பாட்டிலும் கதைப்பாடலிலும் தேடினார். பாபநாசம் மலைப்பகுதியில் நடக்கும் முத்துப்பட்டன் கதையை அவர் பதிப்பித்தபோது, சக்கிலியர் குலப் பெண்களை மணந்த பிராமணனின் கதை வெறும் தெய்வக் கதையாக இல்லாமல் சமூக வரலாற்றின் ஆவணமாயிற்று. ‘இந்திய நாத்திகமும் மார்க்சீயத் தத்துவமும்’ என்ற அவரது நூலும் இதே வேலையைத் தத்துவத்தில் செய்தது. உலோகாயதரை நம் மண்ணின் பொருள்முதல்வாதிகள் என்று தமிழ் வாசகருக்கு அடையாளம் காட்டினார்.

இந்தக் குழுவுக்கு ஈழத்தோடு உறவு இருந்தது. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் தமிழ் இலக்கியத்தைப் பொருளியல் அடிப்படையில் ஆராயும் முறையை இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் கற்றவர்கள். கிரேக்க இலக்கியப் பேராசிரியரான தாம்சன், பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடாமல் ஆஸ்டின் கார் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வகுப்பு எடுத்தவர். கார் தொழிலாளிக்குப் பாடம் சொன்ன ஆசிரியரின் முறை, யாழ்ப்பாணம் வழியாகப் பாளையங்கோட்டையை அடைந்தது. 1980இல் வானமாமலை மறைந்தார். அவர் காட்டிய முறை இன்னும் வேலை செய்கிறது.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது.

தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், முக்கூடல் என்று இந்த மலையடிவாரம் முழுக்கப் பீடி சுற்றும் சீமை. சுற்றுபவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதுவும் வீட்டில். பீடிக்கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் எடுத்து வருவார்கள். இலையை நனைத்து, அளவு வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கடைக்காரர் ஒதுக்குவது கழிவு. இலை பற்றாமல் போனால் சொந்தக் காசில் வாங்கிப் போட வேண்டும்.

‘மூலதனம்’ முதல் பாகத்தில் எண்ணிக்கைக் கூலி பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை ஆலங்குளத்துப் பீடிக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தால் மார்க்ஸ் எங்கோ பக்கத்து ஊர்க்காரர் என்று தோன்றும். எண்ணிக்கைக் கூலியில் மேற்பார்வை தேவையில்லை, தரத்தைக் காரணம் காட்டிக் கூலியைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார்: அது கழிவு. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் தரகர்கள் புகுந்து பிழைப்பார்கள் என்கிறார்: அது ஒப்பந்தக்காரர். தொழிலாளி தன்னைத் தானே விரட்டி, நேரத்தை நீட்டிக்கொள்வார் என்கிறார்: அது நள்ளிரவு வரை மடியில் இருக்கும் சுளகு. அரசியல் பொருளாதாரம் கற்பிக்க இதை விடப் பொருத்தமான பாடம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூரில், பீடித் தொழிலாளர்கள் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். அவர்களில் ஒருவர் செய்தித்தாளும் நாவலும் அரசியல் நூலும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் அவருடைய பங்குப் பீடியையும் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்திலும் அந்த வாசிப்பு தொடர்ந்தது. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் இருந்த வழக்கம் இது. கண்ணூரின் அரசியல் விழிப்புக்கு அந்தக் கூடங்கள் பெரிய காரணம்.

நம் பக்கத்தில் அது நடக்கவில்லை. கூடம் இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு வாசலில் தனித்தனியாக உட்கார்ந்தாள். மாலை வகுப்பு என்பது பகல் வேலை மாலையில் முடிகிறவருக்கு உரியது. பீடி சுற்றும் பெண்ணுக்கு மாலையில் வேலை முடிவதில்லை. அடுப்பு வேலை முடிந்து மறுபடி சுளகை எடுக்கும் நேரம் அது. தொழிற்சங்கங்கள் அவளுக்காகப் போராடியிருக்கின்றன. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளராக ஏற்றது. மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் தொடுத்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. ஆனால் சட்டம் அவளைக் கண்டுகொண்ட அளவுக்குத் தத்துவ வகுப்புகள் கண்டுகொள்ளவில்லை. எண்ணிக்கைக் கூலியை உடம்பால் அறிந்தவர்களை வெளியே விட்டுவிட்டு, எண்ணிக்கைக் கூலி பற்றி ஆண்கள் விவாதித்தார்கள். இது அந்த இயக்கத்தின் மிகப் பெரிய இழப்பு.

ஓரளவுக்கு அதை ஈடுசெய்ய வந்தது அறிவொளி எழுத்தறிவு இயக்கம். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதும் அந்த அலை தமிழ்நாட்டுக்கு வந்தது. நெல்லை மாவட்டத்தில் அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றவர்களில் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் முக்கியமானவர். அந்த அனுபவத்தை ‘இருளும் ஒளியும்’ என்று நூலாகவே எழுதினார். தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் இரவில் பாடம் நடந்தது. பிரேசில் நாட்டுப் பாவ்லோ ஃபிரேயரின் வழியில், எழுத்தைத் தனியாகக் கற்பிக்காமல் வாழ்க்கைச் சொல்லைக் கொண்டு கற்பிப்பதே முறை. கையெழுத்துப் போடத் தெரிந்த பெண் பீடிக்கடைக்காரர் எழுதுகிற கணக்கையும் பார்க்கத் தொடங்குவாள். பொருளாதாரம் என்ற பெயரில்லாமல் நடந்த பொருளாதார வகுப்பு அது. பின்னாளில் தமிழ்ச்செல்வன் எழுதிய ‘அரசியல் எனக்குப் பிடிக்கும்’ என்ற சிறுநூலின் எளிமைக்கு வேர் அந்த இரவுப் பள்ளிகளில் இருக்கிறது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

‘மூலதனம்’ முழுமையாகத் தமிழில் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. அதுவும் சிறையின் கொடைதான். நக்சல்பாரி இயக்கத்தில் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட தியாகு சிறைக்குள் இருந்து அதை மொழிபெயர்த்தார். நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் 1998இல் வெளியிட்டது. லண்டன் வகுப்பறையில் தொடங்கிய பாடம் தமிழனின் கைக்கு நூலாக வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தை நிரப்பியது துண்டுப் பிரசுரமும் வாய்ப்பேச்சும் நோட்டுக் குறிப்பும்தான்.

தென்காசி நாடாளுமன்றத் தொகுதி 2004இல் எம். அப்பாதுரையையும் 2009இல் பி. லிங்கத்தையும், இரண்டு முறை தொடர்ந்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. கூட்டணிக் கணக்கு அதில் பெரும்பங்கு வகித்தது உண்மை. அந்தக் கணக்கில் இந்தத் தொகுதி கம்யூனிஸ்டுகளுக்கு ஒதுக்கப்பட்டதற்குக் காரணம், இங்கே அவர்களுக்கென்று பல ஆண்டுகளாக இருந்த ஊழியர்கள். அந்த ஊழியர்களை ஆக்கியவை இந்த மாலை வகுப்புகளே.

இன்று தென்காசியில் மாலை நேரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அது தேவையான படிப்பு. வாழ வழி வேண்டும். ஆனால் தன் ஊரின் கூலி ஏன் இவ்வளவு, தன் ஊர்க் குளத்து நீர் யாருக்கு முதலில் பாய்கிறது, அம்மாவின் பீடிக் கணக்கில் கழிவு எப்படி ஏறுகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து படிக்க ஒரு மாலை வேண்டும். அந்த வகுப்பில் முதல் வரிசை பீடி சுற்றும் பெண்களுக்கு உரியது, நேரமும் இடமும் அவர்கள் வசதிப்படி அமைய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில், தாத்தாவோ அப்பாவோ பெரியம்மாவோ அரசியல் வகுப்பில் குறிப்பெடுத்த பழைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கக்கூடும். பரணில் கிடக்கும் அவற்றைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். உள்ளூர் நூலகத்திடமோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகத்திடமோ கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றின் முக்கால் பங்கு இன்னும் அச்சேறாமல் அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது.

(அடுத்த இதழில்: ஆயிரம் பீடிக்குக் கூலி கேட்டு நடந்த போராட்டங்கள்)